ஒரு வாய்க்கு ஒரு மருந்து

என் தம்பிக்கு ரத்தத்தில் புற்றுநோய் வந்தது. மருந்துக்கு அடங்கிப் போனது. ஒரு வருஷம் நிறையும் முன்னால் திரும்பவும் வந்தது. முதல் தடவை ஒப்பாரி வைத்த சொந்தக்காரர்கள் இரண்டாம் தடவை விசாரிக்க மட்டும் வந்தார்கள். ஒரே ஆளுக்காக இரண்டு முறை அழுவது யாருக்கும் சிரமம்தான்.

எங்களுக்கு ஊர் கோடைக்கானலுக்கு மேலே மலையில் இருக்கிற கவுஞ்சி. பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். தம்பி பெண்டாட்டி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. மகன்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். எனக்கும் வீட்டுக்காரர் இல்லை, பிள்ளைகள் அவரவர் பாட்டைப் பார்க்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்குத் தம்பியோடு நான்தான் போனேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அது போதும் என்றுதான் இத்தனை காலம் இருந்திருக்கிறேன்.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊரில் வரப்புத் தகராறு, தண்ணி முறைத் தகராறு எது வந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு தரப்பையும் கோயில் முன்னால் நிறுத்திக் கற்பூரம் ஏற்றிச் சொல்லச் சொல்வான். ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொன்னவன் பக்கம் அவன் தீர்ப்புப் போனதே கிடையாது. அந்த மரியாதையில்தான் அவன் நடந்தான், உட்கார்ந்தான், சாப்பிட்டான்.

கீழே பெரிய ஊரில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். என் பேத்தி வயசு இருக்கும். நிதானமாகப் பேசுகிற பிள்ளை.

"ஐயா, போன தடவை கொடுத்த மருந்து கெட்ட செல்லையெல்லாம் கொன்னுடுச்சு. ஆனா அதுகளைப் பெத்துப் போடுற தாய் செல் கொஞ்சம் எலும்புக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. தூங்குறதை அந்த மருந்து தொடாது. அதுதான் எந்திரிச்சுத் திரும்பப் பெருகியிருக்கு" என்றார்.

"அப்ப எழுப்பிவிட்டுக் கொல்லுங்க" என்றான் தம்பி.

டாக்டர் சிரித்தார். எழுப்ப வேண்டியதில்லை, அது இருக்கிற இடத்துக்கே ஆள் அனுப்பலாம் என்றார். ஆன்டிபாடி என்று ஒன்று. ரத்தச் செல்லின் மேல் இருக்கிற அடையாளத்தைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளுமாம். அதன் முதுகில் கதிர் வீசுகிற அயோடினைக் கட்டி அனுப்புவார்கள். அது எலும்புக்குள் போய் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பதையெல்லாம் கருக்கிவிடும். தூங்குவது, விழித்திருப்பது என்று பார்க்காது. நல்லது, கெட்டது என்றும் பார்க்காது. அதனால் அது முடிந்ததும் வேறு ஆளின் நல்ல தாய் செல்லை வாங்கி உள்ளே விட வேண்டும். வயசான உடம்பு தாங்குகிற மாதிரி இப்படிச் செய்து பார்க்கிறார்கள். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

"வேண்டாம்னா?" என்று தம்பி கேட்டான்.

"மத்த மருந்துல கொஞ்ச நாள் தள்ளலாம் ஐயா. மாசக்கணக்குதான்."

"அப்ப அனுப்புங்க ஆளை" என்றான்.

என் ரத்தத்தைச் சோதித்தார்கள். பொருந்தியது. கூடப் பிறந்தவர்களுக்கே பொருந்தாமல் போவது உண்டாம். வயது அதிகம் என்று யோசித்தார்கள். அப்புறம் இதயம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு எதுவும் இல்லை. இல்லை என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

முதலில் கொஞ்சமாக ஒரு அளவு ஏற்றிப் படம் எடுப்பார்கள். மருந்து எலும்புக்குத்தான் போகிறது என்று படத்தில் தெரிந்தால்தான் பெரிய அளவு. அதற்குச் சில நாள் முன்பிருந்தே தினமும் ஒரு சொட்டு மருந்து குடிக்க வேண்டும் என்று சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தார்கள். கருஞ்சிவப்பாக இருந்தது. மூக்கருகில் கொண்டுபோனால் இரும்பு வாடை அடித்தது. தண்ணீரில் விட்டுக் குடிக்கச் சொன்னார்கள். எதற்கு என்றும் நர்ஸ் சொல்லியிருப்பார். அன்றைக்குச் சொன்ன எத்தனையோ சங்கதிகளில் அதுவும் ஒன்றாகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். அங்கே தங்குகிற எல்லோருக்கும் பொதுவான அடுப்பங்கரையில் நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். தம்பி உப்பு வேண்டாம் என்றான், புளி வேண்டாம் என்றான், பூண்டும் வேண்டாம் என்றான். பூண்டு போடுகிறவன் பூண்டைத் தள்ளுகிறான். நோயில் நாக்கு செத்துப்போய்விட்டது போல என்று நான் விட்டுவிட்டேன். பாதிக் கஞ்சியைக் குடித்து மீதியைச் சட்டியிலேயே வைப்பான்.

அந்த மீதிக் கஞ்சி நீலமாக மாறிக் கிடந்தது. ஒரு நாள் இல்லை, தினமும். கருநீலம், மை கொட்டியது போல. எனக்குச் சந்தேகம் பக்கத்து அறைக்காரி மேல்தான் போனது. அவளும் புருஷனுக்காக வந்து தங்கியிருந்தவள். தினமும் அவனுடைய வெள்ளைச் சட்டைகளைச் சொட்டு நீலத்தில் முக்கிக் கொடியில் போடுவாள்.

"ஏத்தா, ஒன் நீலத்தை ஊத்துறதுக்கு எங்க கஞ்சிச் சட்டிதான் கெடச்சுச்சா?" என்று கேட்டேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "ஆமா, ஒங்க கஞ்சிய வெளுக்கணும்னு வேண்டுதல் வச்சிருக்கேன். கெழவிக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. வந்த எடத்துல அதையும் காட்டிட்டுப் போங்க."

"எங் கண்ணு ஒனக்கு ஊசி கோத்துத் தரும். வாயப் பாரு."

அதிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சட்டியை அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். அப்படியும் கஞ்சி நீலமானது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம். லாட்ஜ் தண்ணீர் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சின்ன அளவு ஏற்றிப் படம் எடுத்தார்கள். டாக்டர் எங்களைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினார். கறுப்புப் பின்னணியில் என் தம்பி எலும்பும் நிழலுமாக நின்றான். முதுகெலும்பு, இடுப்பு எல்லாம் மங்கலாக மினுங்கின. கழுத்தில் மட்டும் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி பளீரென்று இருந்தது.

"கழுத்துல இது தெரியவே கூடாது. சொட்டு மருந்தை ஒழுங்கா குடிச்சீங்களா ஐயா?"

"குடிச்சேன்."

"ஒரு நாள்கூட விடலையே?"

"குடிச்சேன்னு சொல்றேன்லம்மா."

டாக்டரின் முகம் வாடியது. "அப்படின்னா ஆன்டிபாடியில கட்டின அயோடின் வழியிலேயே அவிழ்ந்து போகுதுன்னு அர்த்தம். அவிழ்ந்தா எலும்புக்குப் போகாது. தேவையில்லாம கழுத்தைத்தான் எரிக்கும். அப்படிப்பட்டவங்களுக்குப் பெரிய அளவு கொடுக்க மாட்டோம். நாளைக்குக் காலையில பெரிய டாக்டரோட உக்காந்து முடிவு பண்ணிடுறோம். மனசைத் தயார் பண்ணிக்கோங்க."

லாட்ஜுக்கு நடந்து வந்தோம்.  சாயங்காலம் கஞ்சியை அவன் முன்னால் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். குடத்தை மறந்துவிட்டேன், எடுக்கத் திரும்பி வந்தபோது, அவன் மீதிக் கஞ்சிக்கு மேலே குப்பியைக் கவிழ்த்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தான். விழுந்த இடமெல்லாம் கஞ்சி கருநீலமாகப் பூத்தது.

"ஏலே, என்ன சோலி பாக்குற?"

அவன் திடுக்கிடவில்லை. குப்பியை மூடி வைத்தான்.

"ஒரு வாய்க்கு ஒரு மருந்துதான்க்கா. பெரிய மருந்து உள்ள போற ஒடம்புல இதையும் ஊத்துனா முறிஞ்சுரும். நம்ம சித்தப்பன் எப்பிடிச் செத்தாரு? மஞ்சக்காமாலைக்குக் கீழ்மலையில பச்சிலை வாங்கித் தின்னுட்டு, கோடைக்கானலுக்குப் போயி ஊசியும் போட்டாருல்ல? ரெண்டும் ஒண்ணையொண்ணு முறிச்சு ஆளத் தூக்கிருச்சு."

எங்கள் பக்கம் இதை அறியாதவர் இல்லை. பச்சிலை தின்றால் உப்பு, புளி தள்ளிப் பத்தியம் இருக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்தியம் முறிக்கிற வரை வேறு மருந்து நாக்கில் படக்கூடாது. அவன் தள்ளிய உப்பும் புளியும் பூண்டும் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"போன தடவ வேளைக்கு ஒரு கை மாத்திரை முழுங்குனியே" என்றேன்.

"முழுங்குனேன். அதான் திரும்ப வந்துருச்சு. அத்தனையும் உள்ள ஒண்ணோடொண்ணு சண்ட போட்டு முறிஞ்சுபோச்சு. இந்தத் தடவ அந்தத் தப்பப் பண்ணக் கூடாதுன்னு இருந்தேன்."

"சரி, இதை அந்தப் பிள்ளைகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"குடிச்சேன்னு சொல்லிட்டேன்ல."

"மாத்திச் சொல்லு. நாளைக்கு ஒன்ன வேண்டாம்னு அனுப்பப் போறாக. வெளங்குதா?"

"வெளங்குது." சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "ஊர்ல சொல்ல மாத்துனவன் எத்தன பேர நிக்க வச்சுத் தலையக் குனிய வச்சிருக்கேன். போ, தண்ணியப் பிடி."

 அவனிடம் பேசி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் கிடையாது. அந்தச் சட்டியைக் கழுவாமல் மூடி வைத்தேன்.

காலையில் வெள்ளனே அதைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

"அது என்ன மூட்டை?" என்று கேட்டான்.

"கஞ்சி."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குக் கஞ்சி?"

"எனக்குப் பசிக்கும்."

அறையில் பெரிய டாக்டரும் இருந்தார். இருவருக்கும் நடுவில் கம்ப்யூட்டரில் அந்தக் கழுத்து. நான் மூட்டையை அவிழ்த்துச் சட்டியை மேஜை மேல் வைத்துத் திறந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் தெரியாது. என் தம்பி பொய் சொன்னான் என்று அந்நியர் முன்னால் என் வாயால் சொல்வதாகவும் இல்லை.

பெண் டாக்டர் குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் பெரிய டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டிக்குள் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அயோடின் பட்டால் கஞ்சி நீலமாகும், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் செய்து காட்டுவார்கள் என்று பிறகு எனக்குச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றதில் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

"ஐயா?" என்றார் பெண் டாக்டர்.

தம்பி சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.  அவனாகச் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வெளியே யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள், ஒரு குழந்தை அழுதது, இவன் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய்விடுவான் என்றே நினைத்தேன்.

"குடிக்கல" என்றான் கடைசியில். "எல்லா நாளும் ஊத்திட்டேன். குடிச்சேன்னு சொன்னது பொய்யி."

"ரொம்ப சந்தோஷம் ஐயா" என்றார் டாக்டர்.

திட்டு வாங்கத் தயாராக இருந்தவன் திகைத்துப்போனான். டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். இவன் குடிக்காததுதான் காரணம் என்றால் பெரிய மருந்தில் குறை இருக்காது. ஆன்டிபாடியில் கட்டியதிலிருந்து கொஞ்சம் அயோடின் எப்போதும் கழன்று திரியத்தான் செய்யும். கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கு அயோடின் என்றால் ஆசை, எது வந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் முன்கூட்டியே நல்ல அயோடினைச் சொட்டாகக் கொடுத்து அதை நிரப்பிவிட்டால், பின்னால் வருகிற கதிர் அயோடினுக்கு அங்கே இடம் இருக்காது. அது மூத்திரத்தில் போய்விடும்.

தம்பி சட்டியைக் காட்டிக் கேட்டான்.

"அப்ப இது மருந்தே இல்லையா?"

"நோய்க்கு மருந்து இல்லை. கழுத்துக்குக் காவல்."

"துண்டு" என்றான் தம்பி.

"என்னது?"

"கோடைக்கானல் பஸ்ஸ்டாண்டுல எங்க ஊரு கடைசி வண்டி வந்து நிக்கும். ஏறுறதுக்கு முன்னாலயே சன்னல் வழியா துண்டப் போட்டு எடம் பிடிச்சிருவோம். பெறகு எவன் ஏறுனாலும் அந்த சீட்டுல உக்கார முடியாது. நிக்கணும், இல்ல எறங்கணும். அதான இது?"

துண்டை வீசுகிற மாதிரி கையையும் வீசிக் காட்டினான். பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், "அதேதான் ஐயா, துண்டு போடுறதுதான்" என்றார். துண்டு மருந்தை முறிக்காது என்று தம்பியே முடிவு சொன்னான்.

அத்தோடு தீரவில்லை. சின்ன அளவை முதலிலிருந்து தர வேண்டும். அதற்கு மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். அந்த மருந்து கடையில் அடுக்கி வைக்கிற சரக்கு இல்லை. நாள் பார்த்துச் செய்து விமானத்தில் வரும். ஒவ்வொரு நாளும் அதன் வீரியம் தானாகக் குறைந்துகொண்டே போகும். அதுவரைக்கும் நோய் சும்மா இருக்குமா என்று கேட்டேன். இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

வெயில் தாங்கவில்லை, மலைக்குப் போகிறேன் என்று தம்பி அடம் பிடித்தான். கவுஞ்சியில் போன் எடுக்காது, கூப்பிட்டால் உடனே கிளம்பி வரவும் முடியாது. அதனால் கோடைக்கானலில் ஒரு சாக்லேட் கடைக்குப் பின்னால் அறை எடுத்துக் காத்திருந்தோம். முன்னால் சுற்றுலாக்காரர்கள் கூட்டம், பின்னால் நாங்கள். தம்பியின் கையில் திரும்பவும் நீலம் நீலமாகத் தடிப்பு வந்தது. பல் விளக்கினால் ரத்தம் வந்தது. கடைக்காரப் பெண் காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பாள்.

"ஆண்ட்டி, அங்கிளுக்கு ஹாட் வாட்டர் வேணுமா? ஹீட்டர் ஆன் பண்ணவா?"

"அங்கிள்ங்கிறது யாரு?" என்று தம்பி கேட்பான்.

"நீதான். நாமதான் கப்பல் ஏறாமயே வெள்ளக்காரனாயிட்டோமே" என்பேன்.

அவன் என்னோடு பேசியது அந்த அளவுதான். சட்டி விஷயத்தை நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. நான் செய்தது சரி என்று இருந்தேன். அவனிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

போன் வந்தது. சொட்டு மருந்தைத் தொடங்கச் சொன்னார்கள். தம்பி அதைத் தண்ணீரில் விட்டு, என் எதிரே நின்று, ஒரே மூச்சில் குடித்து, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டினான். தினமும் அப்படியே செய்தான். அதில் எவ்வளவு கோபம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது படத்தில் கழுத்து இருட்டாக இருந்தது. முதுகெலும்பும் இடுப்பும்தான் மினுங்கின.

பெரிய அளவை ஏற்றி, சுவரில் ஈயம் வைத்த அறையில் தனியாகப் போட்டார்கள். அவன் தொட்ட தட்டு, துணி எதுவும் வெளியே வராது. வாசலில் தரையில் ஒரு கோடு, அதைத் தாண்டி நான் போகக் கூடாது. தினமும் ஒருவர் கருவியோடு வந்து அவன் உடம்பிலிருந்து எவ்வளவு கதிர் வருகிறது என்று அளந்துவிட்டுப் போவார். நான் கோட்டில் நின்று பார்ப்பேன்.

"கிட்ட வராதக்கா, இப்ப நான் சாமி. சன்னதிக்குள்ள எவனும் வர மாட்டேங்கிறான்" என்றான் ஒரு நாள்.

"சாமிக்கு மொட்டை போட மாட்டாகளே" என்றேன். அவன் தலையில் அப்போது முடி இல்லை. சிரித்தான். அந்தச் சட்டிக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

கதிர் அடங்கியதும் என் முறை. சில நாள் ஊசி போட்டு, ஒரு பகல் முழுக்க இரண்டு கையிலும் குழாய் மாட்டி, ரத்தத்தை எடுத்துத் தாய் செல்லைப் பிரித்துக்கொண்டு மீதியை எனக்கே திருப்பி விட்டார்கள். இடுப்பு எலும்பு வலித்தது. வலிக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். ஒரு பை நிறைந்தது, செம்மண் கரைத்த தண்ணீர் நிறத்தில். அவனுக்கு அதை ஏற்ற ஒரு பஸ் பயண நேரம்கூட ஆகவில்லை. பிறகு காய்ச்சலும் வாய்ப்புண்ணுமாகக் கிடந்தான். வேளைக்கு ஒரு கை மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் எதற்கு என்று கேட்டான். பதில் தெரிந்தால்தான் விழுங்கினான். நர்ஸுகளுக்கு அவன் மேல் சலிப்பு வந்தது. டாக்டருக்கு வரவில்லை.

என் செல் அவனுக்குள் வேர் பிடித்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது ஊரில் இருக்கிறான். வயலில் இறங்கக் கூடாது, வரப்பில் நின்று ஏவுகிறான். நாள் தவறாமல் சோதனைக்குப் போகிறோம். எலும்பிலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள். போன தடவை டாக்டர், "இப்போதைக்கு நோய் கண்ணுக்குத் தெரியலை ஐயா. ஒண்ணு ரெண்டு எங்கேயாவது தூங்குதான்னு சொல்ற அளவுக்கு எங்களுக்கு வழி இல்லை. பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, சுத்தமாகப் போய்விட்டது, என் ரத்தம் போனதும் நோய் ஓடிவிட்டது என்று கடையிலும் குழாயடியிலும் சொல்லிவிட்டேன். சொல்ல எனக்குப் பாத்தியதை இருக்கிறது.

மறுநாள் பக்கத்து ஊர் போளூரிலிருந்து தம்பியின் சம்பந்தி வீட்டார் விசாரிக்க வந்தார்கள். பெரியவர் என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "முழுசாப் போயிருச்சாம்லங்க, அக்கா சொன்னாக" என்றார்.

"அப்பிடிச் சொல்லலங்க" என்றான் தம்பி. "இப்ப தெரியலன்னுதான் டாக்டர் சொன்னாக. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவனும் திரும்பி என்னைப் பார்த்தான், ஏதோ வரப்புத் தகராறில் எதிர்த் தரப்பைப் பார்க்கிற மாதிரி.

"காப்பித் தண்ணி கொதிக்குது" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.